குடல் நுண்ணுயிரும் குழந்தையின் மூளையும்: பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: எங்கள் 2 வயது மகளுக்குப் புரோப்பியோனிக் அசிடீமியா. காய்ச்சலோ தொற்றோ இல்லாதபோதும் மாதத்தில் 10 நாள் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதற்காக?

பதில்: ஐசோலூசின், வாலின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களும் சில கொழுப்பு அமிலங்களும் சிதையும்போது உண்டாகும் புரோப்பியோனேட்டை மேற்கொண்டு மாற்ற வேண்டிய நொதி உங்கள் மகளின் உடலில் போதிய அளவு வேலை செய்வதில்லை. அதனால்தான் புரதத்தை அளந்து கொடுக்கிறீர்கள். ஆனால் தட்டில் வைக்காத ஒரு வரவும் இருக்கிறது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள், செரிக்காமல் வந்து சேரும் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் நொதிக்க வைத்து, தாமே புரோப்பியோனேட்டை உண்டாக்குகின்றன. மற்றவர்களுக்கு நன்மை செய்யும் இந்தப் பொருள், இக்குழந்தைகளின் உடலில் சேரும் மொத்தச் சுமையில் ஏறத்தாழ கால் பங்கு என்று மதிப்பிடப்படுகிறது. அந்தப் பாக்டீரியாக்களை அடக்கி வைக்கவே மெட்ரோனிடசோல்.

மூளைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அம்மோனியா வழியாக வருகிறது. தேங்கும் புரோப்பியோனேட்டிலிருந்து வரும் பொருள்கள், கல்லீரலில் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் யூரியா சுழற்சியை முடுக்கிவிடும் மூலக்கூறு உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் இரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது. மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அந்த அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றிச் சேர்த்துக்கொண்டு வீங்குகின்றன. முதலில் பால் குடிக்க மறுப்பதும், அடுத்து வாந்தியும், பிறகு எழுப்ப முடியாத உறக்கமும் இப்படித்தான் வருகின்றன. மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிடக்கூடும். நீண்ட காலப் பயன்பாட்டில் கை கால் நரம்புகளும் பாதிக்கப்படலாம். ஆகவேதான் இடைவெளி விடச் சொல்கிறார்கள். அந்த நாள்களை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி: அதே நோய்தான் எங்கள் மகனுக்கும். 3 நாளாக மலம் கழிக்கவில்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டும், இன்றே மருத்துவரை அழைக்கவும் வேண்டும். மலம் தங்கும் ஒவ்வொரு நாளும் பாக்டீரியாக்களுக்கு நொதிக்கவும் உடலுக்கு உறிஞ்சவும் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தாய், சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் மகன் மலம் கழித்த தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார். ஒவ்வொரு முறையும் மருத்துவர் முதலில் கேட்டு வாங்குவது அந்தத் தாளைத்தான். மலச்சிக்கலுக்கென்று நார்ச்சத்து மாவையோ கைமருந்தையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள், எந்த மலமிளக்கி பொருந்தும் என்பதைச் சிகிச்சை தருபவரே முடிவு செய்யட்டும். வாந்தியோ மந்தமோ சேர்ந்தால், அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்த அவசரநிலைக் கடிதத்துடன் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பீனைல்கீட்டோனூரியா. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற பொருளில், உடலில் இருப்பதில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்கிறார்கள். தயிரும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக்கும் கொடுத்தால் அவள் மனச்சோர்வு குறையுமா?

பதில்: குடலில் உருவாகும் செரட்டோனின், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. பீனைல்கீட்டோனூரியாவில் உடலால் சரிவர மாற்ற முடியாமல் தேங்கும் அமினோ அமிலம் பீனைல்அலனின். அதுவும் டிரிப்டோபேன், டைரோசின் என்ற அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழைவது ஒரே வாசல் வழியாக. பீனைல்அலனின் மிகுந்து அந்த வாசலை அடைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் வெளியே நிற்கின்றன, செரட்டோனினும், டைரோசினிலிருந்து உருவாகும் டோபமினும் மூளையில் குறைகின்றன. மனச்சோர்வுக்கும் கவனக்குறைவுக்கும் ஒரு முக்கியக் காரணம் இதுவே. எனவே இரத்தத்தில் பீனைல்அலனின் அளவை மருத்துவர் குறித்த எல்லைக்குள் வைத்திருப்பதுதான் முதல் வேலை. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அது பொதுவாக லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோல். தயிர் 100 கிராமில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும், அதில் சுமார் 150 மில்லிகிராம் பீனைல்அலனினும் இருப்பதால், கணக்கில் சேர்க்காமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பீனைல்அலனினைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியிருக்கிறார்களாமே?

பதில்: உருவாக்கினார்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் ஆல்ஃபிரட் நிஸ்லே ஒரு படைவீரரின் குடலிலிருந்து பிரித்தெடுத்த தீங்கற்ற ஈ. கோலை பாக்டீரியா வகையில் மரபணு மாற்றம் செய்து, பீனைல்அலனினைக் குடலிலேயே சிதைக்கும்படி அமெரிக்காவின் சின்லாஜிக் நிறுவனம் அமைத்தது. மூன்றாம் கட்டச் சோதனை, எதிர்பார்த்த பலனை எட்டாது என்று தெரிந்ததால் 2024-இல் நிறுத்தப்பட்டது. பல குடும்பங்கள் நம்பிக்கையோடு காத்திருந்ததை நான் அறிவேன், எனக்கும் அது வருத்தமே. இன்று கடையில் கிடைக்கும் எந்தப் புரோபயாடிக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாகாது.

கேள்வி: நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். முதல் குழந்தைக்குப் புரோப்பியோனிக் அசிடீமியா. கர்ப்பகாலத்தில் என் குடல்நலத்தைச் சரிசெய்தால் அடுத்த குழந்தைக்கு வராமல் தடுக்கலாமா?

பதில்: முடியாது, அம்மா. நோயின் வேர் மரபணுவில் இருக்கிறது. முதல் குழந்தைக்கு நோய் வந்ததும் உங்கள் குடலால் அல்ல. பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவின் ஒரு படியைச் சுமக்கும்போது, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1. முதல் குழந்தையின் மரபணுப் பிழை கண்டறியப்பட்டிருந்தால் கருவிலேயே சோதிக்கலாம். சோதிக்காவிட்டாலும், பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், பிறந்த முதல் நாளிலேயே குழந்தையின் அம்மோனியாவையும் அமிலநிலையையும் அவர்கள் பார்க்க வேண்டும்.