கஞ்சாவின் நாட்டு விதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் குமாவோன் (உத்தராகண்ட் மலைப்பகுதி) பயணக் குறிப்பில் பாங் விதைச் சட்னி, அதாவது கஞ்சா விதைச் சட்னி பற்றி வாசித்தேன். அந்த நாட்டு ரகங்களைக் காக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளைச் சம்பாவை மீட்கிறோம், சரி. கஞ்சாவையுமா? அப்படியே வேண்டுமென்றாலும் விதை வங்கியில் போட்டு வைத்தால் போதாதா? போதையால் தம்பியை இழந்தவன் என்பதால் கேட்கிறேன்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத ஓடவில்லை. அந்த இழப்புக்கு முன்னால் விதையைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. புகைப்பதற்காக யாரும் இதைக் காக்க வேண்டாம்.

விதை வங்கி வேண்டும், ஆனால் போதாது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் தானே காய்க்கும். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒருவர் வெளிநாட்டு விதையை ஊன்றினால் அடுத்த சரிவில் இருக்கும் செடியும் கலந்துபோகும். வங்கியில் இருக்கும் விதையும் எண்ணெய் விதை. குளிரில் வைத்தாலும் அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். அப்போது எந்தச் செடியை விடுவது, எதைப் பிடுங்குவது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் நௌகாவ் பகுதியில் ஒரு காலத்தில் அதற்கென்றே ஆள் இருந்தார். 'போத்தார்' என்பார்கள், ஆங்கிலேயர் 'கஞ்சா டாக்டர்' என்று எழுதினார்கள். பூ விரியும் முன்பே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்குவது அவர் வேலை. ஒன்று தப்பினாலும் வயல் முழுக்க விதை பிடித்து, விற்கிற பூவின் தரம் கெட்டுவிடும். 1893-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் கமிஷனின் அறிக்கையில் இந்தச் சாகுபடி விரிவாக இருக்கிறது. வரி வசூலித்தவர்கள் அல்லவா, கணக்காக எழுதினார்கள்! 1980-களின் இறுதியில் அங்கே சாகுபடியே நின்றது. அறிக்கையைப் படித்துவிட்டு நான் வயலில் போய் நின்றால் ஒரு செடியைக்கூடப் பிரிக்க மாட்டேன்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1985 போதைப்பொருள் சட்டம் பூ, காய் பிடித்த நுனியைத்தான் கஞ்சா என்கிறது. தனியாக இருக்கும் விதையும் இலையும் அதில் வராது. ஆகவே சட்னி குற்றமில்லை. உத்தராகண்ட் 2018-இல் நாருக்கும் விதைக்கும் சாகுபடி உரிமம் தர ஆரம்பித்தது. போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மலையின் நாட்டுச் செடி இந்த வரம்புக்குள் எளிதில் அடங்காது. அப்போது வெளியிலிருந்துதான் விதை வரும், அதன் மகரந்தமும் கூடவே வரும். என் கவலை இதுதான்.

அல்மோரா பக்கம் அந்தச் சட்னியை அரைத்துக் கொடுத்த அம்மாவிடம், விதைக்கு எந்தச் செடியை விடுவீர்கள் என்று கேட்டேன். இரும்புச் சட்டியில் விதை பொரிந்துகொண்டிருந்தது. கரண்டியாலேயே மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நின்ற இரண்டு செடிகளைக் காட்டினார். விதை பெரிதாம், முற்றினாலும் சீக்கிரம் உதிராதாம், அரைத்தால் கசக்காதாம். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். மாமியார் என்றார். அப்புறம் கேட்க நிறைய இருந்தது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபரில் மறுபடியும் போகிறேன்.