லடாக்கில் கூடாரம்: கயிற்றுக்கடைக்காரர் பதில்கள்

போன மாதம், லடாக்கின் சாங்தாங் பீடபூமிப் பக்கம் ஓட்டலோ முகாமோ இல்லாத இடத்தில் சொந்தக் கூடாரம் போட்டுத் தங்கியதைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இவை. கடலூர் முதுநகரில் இருக்கும் என் கடைக்கே வந்து கேட்டவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் கயிறு வாங்காமலே போனார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாங்கள் நான்கு நண்பர்கள். சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து லே விமானம். இறங்கிய மறுநாளே சோ மோரிரி ஏரிப் பக்கம் போய் மூன்று இரவு கூடாரம். மொத்தம் ஏழு நாள் லீவு. எல்லோரும் தினமும் பீச் ரோட்டில் ஓடுகிறவர்கள். போதுமா அண்ணே?
க.வி., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

போதாது தம்பி. ஓடுகிற காலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் கடல் மட்டத்து ரத்தத்தோடு போகிறீர்கள். லே 3,500 மீட்டர். சோ மோரிரி 4,500 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும். நன்றாக ஓடுகிறவன் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று முதல் நாளே மூட்டை தூக்கிவிட்டு அடுத்த நாள் படுத்துக்கொள்வான். அவ்வளவுதான் வித்தியாசம்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டர் தாண்டினால், படுத்துத் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் மேலே போய் வரலாம், ராத்திரி கீழே வந்து தூங்க வேண்டும். ஆகவே லேயில் மூன்று இரவு. அப்புறம் சிந்து நதியை ஒட்டிப் போகும் சாலையில் சுமார் 4,000 மீட்டரில் சுமாதாங் என்ற ஊர் இருக்கிறது, வெந்நீர் ஊற்றுள்ள இடம். அங்கே ஓர் இரவு. அதற்குப் பிறகுதான் சோ மோரிரி. உங்கள் ஏழு நாளில் கூடாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு இரவு கிடைக்கும். அது போதவில்லை என்றால் லீவை நீட்டுங்கள், இல்லாவிட்டால் ஏற்காடு போங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013 செப்டம்பரில் முதல் தடவை போனபோது நான் செய்ததும் இதேதான். லேயில் ஒரே ராத்திரி தூங்கிவிட்டு, மறுநாள் சாயங்காலம் சோ கார் என்ற உப்பேரிக்கு அருகே கூடாரம் அடித்தேன். இருட்டுவதற்குள் தலைவலி. பொட்டில் யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். நள்ளிரவில் எழுந்து நடந்தால் கால் பின்னியது. வண்டிக்காரர் லடாக்கிக்காரர், பார்த்ததும் புரிந்துகொண்டார். “கீழே போகணும், இப்பவே” என்றார். அப்போதுதான் தெரிந்தது, சோ கார் நாலா பக்கமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம் என்று. ஒரு பக்கம் தாங்லாங் லா என்ற கணவாய், 5,328 மீட்டர். மறுபக்கம் போனாலும் ஐயாயிரத்தை நெருங்கும் ஒரு கணவாய். கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும்! தாங்லாங் லா வழியாக அந்த ராத்திரியில் என்னைக் கடத்தி, கீழே இருக்கும் உப்ஷி என்ற ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே வந்ததும் தலைவலி பாதியாகக் குறைந்தது.

அன்றிலிருந்து வரைபடத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது ஏரியின் அழகை அல்ல. இந்த இடத்திலிருந்து ஏறாமல் இறங்க வழி இருக்கிறதா என்பதைத்தான்.

தலைவலி வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. நேர்க்கோட்டில் குதிகாலும் நுனிக்காலும் ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் இறக்க வேண்டும். இந்த உயரக் கோளாறுக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்புறம், புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: பெட்டியில் ‘அந்த’ பாட்டில் வேண்டாம். தூக்கத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும் மூச்சை அது இன்னும் குறைக்கும்.

ஆன்லைனில் நல்ல டென்ட் வாங்கிவிட்டேன், முழு வாட்டர்ப்ரூஃப். வேறென்ன வேண்டும்?
ரா.மு., பண்ருட்டி

மழை அங்கே பெரிய விஷயமில்லை. லேயில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். நமக்குக் கார்த்திகையில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற அளவு. காற்றைப் பாருங்கள். காலையில் இலை அசையாது (இலை இருந்தால்தானே). மதியத்துக்கு மேல் கிளம்பினால் இருட்டும்வரை விடாது.

டென்டோடு வரும் சாவிக்கொத்துக் கம்பி மாதிரியான முளைகள் அங்கே பிரயோஜனமில்லை. தரை முழுக்கச் சரளை, அடியில் பொடிமண். முளை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும், அதே மாதிரி வெளியே வரும். பந்தல்காரர்களைக் கேளுங்கள், தேவனாம்பட்டினம் மணலில் பந்தல் போடுகிறபோது என்ன செய்வார்கள் என்று. சாக்கில் மணலை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுவார்கள். அதேதான் இங்கேயும். ஒரு சின்னத் துணிப்பையில் கல்லை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு அடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் படுக்கையாகப் புதையுங்கள். கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும் பை. மேலே மண்ணை மிதித்து இறுக்கி ஒரு பாறாங்கல்லை வையுங்கள். எட்டுப் பை போதும். காலியாக எடுத்துப் போனால் எடை ஒன்றுமில்லை.

கயிறு பாலியெஸ்டர் வாங்குங்கள். நைலான் ஈரத்தில் தொய்யும். நாம் கொல்லையில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு அந்த வெயிலில் சீக்கிரம் நூல்நூலாகப் பிரிந்துவிடும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறையப் பத்து சதவீதம் கூடுகிறது. கயிற்றுக்கே இந்தக் கதி என்றால் உங்கள் மூக்கும் உதடும் என்னாகும் என்று யோசித்து, கறுப்புக் கண்ணாடியும் முகப்பூச்சும் எடுத்துப் போங்கள்.

கூடாரம் போடும் இடம்: காய்ந்த ஓடை தட்டையாக, காற்று மறைவாக, ஆசையைத் தூண்டுகிற மாதிரி இருக்கும். அங்கே வேண்டாம். 2010 ஆகஸ்டில் ஒரே ராத்திரி மேகவெடிப்பில் வெள்ளம் வந்து லேயில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2015 வெள்ளத்தில் கெடிலம் ஆற்றைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஏரிக்கரையும் வேண்டாம். சோ மோரிரியும் சோ காரும் ராம்சார் என்ற சர்வதேசப் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள், கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுகிற இடம். எங்கே தங்கலாம், எந்த இடத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை லேயிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர் தாங்குமா என்று நம்ம ஊரிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
ஜெ., பரங்கிப்பேட்டை

கூடாரம் அடிப்பதை மொட்டை மாடியில் பழகலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்துப் பாருங்கள். ராத்திரியில் விரல் விறைத்த நிலையில் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

குளிருக்கு நான் செய்த கோமாளித்தனத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். துறைமுகம் பக்கம் நண்பர் ஒருவருக்கு மீன் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. அவரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்து அரைமணி நேரம் வஞ்சிரப் பெட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தேன். வேலை செய்கிற பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்தது. மார்பு, கால் எல்லாம் சூடாக இருந்தது, முதுகுதான் விறைத்தது. உடம்பின் கனத்தில் அடியில் உள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் சூடு நிற்காது. ஆகவே அடியில் போடும் மேட் முக்கியம். நான் இரண்டு போடுகிறேன், கீழே நுரை மேட், மேலே காற்றடிக்கும் மேட். பைக்கு ஆகும் செலவில் பாதியை மேட்டுக்கு ஒதுக்குங்கள்.

பையில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பான். ‘லிமிட்’ என்று இருப்பதை நம்பாதீர்கள், ‘கம்ஃபர்ட்’ என்பதைப் பாருங்கள். இருபது டிகிரிக்கே போர்வை தேடுகிற ஆட்கள் நாம்.

மகள் போகிறாள். சமையலுக்கு என்ன கொடுத்தனுப்ப? சின்ன கேஸ் சிலிண்டரை விமானத்தில் விடுவார்களா?
ஒரு தாய், நெல்லிக்குப்பம்

விடமாட்டார்கள் அம்மா, கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. லேயில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கும்போது வெறும் பியூட்டேன் வேண்டாம், புரோப்பேன் கலந்தது வேண்டும். பியூட்டேன் கடுங்குளிரில் சரியாக ஆவியாகாது. காலையில் டீ போடப் போனால் அடுப்பு பெருமூச்சு விட்டுவிட்டு அணையும்.

4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வெளியே குழைந்து உள்ளே நறுக்கரிசியாக நிற்கும். இரண்டு லிட்டர் குக்கர் இருந்தால் சோறு, இல்லையென்றால் அவல், வறுத்த ரவை, சத்துமாவு. புளிக்காய்ச்சல் ஒரு டப்பா கட்டாயம். அந்த உயரத்தில் பசி செத்துவிடும், புளிப்பும் காரமும்தான் நாக்கை எழுப்பும். பண்ருட்டி முந்திரி கால் கிலோ. தேங்காயெண்ணெய் கொடுக்காதீர்கள், கல்லாகிவிடும்.

ஒன்றை மட்டும் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்: குளிருக்காக மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பனிச்சிறுத்தை வருமா?
ம., திருப்பாப்புலியூர்

உங்களைப் பார்க்க வராது. தெருநாய் வரும். ஊருக்கு வெளியே கூட்டமாகத் திரிகிற நாய்கள் அங்கே நிஜமான தொல்லை. சாப்பாட்டை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், ராத்திரி தனியாக நடக்காதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை?
ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

வந்ததிலேயே நல்ல கேள்வி. நம் மண்ணில் எதைப் புதைத்தாலும் மழையும் புழுவும் பார்த்துக்கொள்ளும். அங்கே ஈரமும் இல்லை, சூடும் இல்லை. புதைத்தது வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். தண்ணீரிலிருந்து எழுபது எண்பது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். காகிதத்தையும் நாப்கினையும் இரட்டைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். வழியில் ஊர் இருந்தால் அங்குள்ள உலர் கழிப்பறையே மேல். மண்ணைத் தள்ளிவிட்டு வர வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

மறைவுக்கு ஒரு புதர்கூட இருக்காது. இரண்டாவது பயணத்தில் கூட வந்த என் மனைவி, கால்சட்டைக்கு மேலே மாட்ட அகலமான பாவாடை ஒன்றை எடுத்து வந்தாள். நான் கேலி செய்தேன். குழுவில் இருந்த மற்ற பெண்கள் அதைக் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்குமா?
பெ.ச., காரைக்கால்

வேண்டவே வேண்டாம். அரசின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், எல்லைப் பகுதியில் கேட்கவே வேண்டாம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் ஊர் தாண்டினால் செத்துவிடும். எங்கே தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்று தாளில் எழுதி லேயில் தங்கும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஹன்லேயில் நட்சத்திரம் பார்க்க ஆசை. என்ன எடுத்துப் போக?
கல்லூரி மாணவன், சிதம்பரம்

அமாவாசையை ஒட்டிப் போ தம்பி. ஹன்லேயில் சுமார் 4,500 மீட்டரில் இருக்கும் வானாய்வகத்தை நடத்துவது, நம் காவலூர் தொலைநோக்கியை நடத்துகிற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். சுற்றியுள்ள பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், வெள்ளை வெளிச்சம் அடிக்கக்கூடாது. அங்கே கூடாரம் போடாமல் ஊர்க்காரர் வீட்டில் தங்கு, அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். சிவப்பு விளக்கு என்று தனியாக விற்பார்கள், வாங்காதே. பூக்கடையில் பொக்கே சுற்றுகிற சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக டார்ச்சில் சுற்றி ரப்பர் பேண்ட் போடு. பேட்டரியைக் குளிரில் விடாமல் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் உன்னோடு வைத்துக்கொள்.