பிராட்ஃபீல்டு காடும் வயல்வழிப் பாதையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணிநிமித்தம் சென்ற ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் குடிவந்தவன் நான். இங்கிலாந்தின் பழங்காடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பொன்றைப் படித்துவிட்டு, பிப்ரவரி மாத ஞாயிறு ஒன்றில் சஃபோக் பகுதியிலுள்ள பிராட்ஃபீல்டு காட்டுக்குச் சென்றேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றமே மிஞ்சியது. வால்பாறையில் வளர்ந்தவன் என்பதால் காடென்றால் என் மனத்தில் வேறொரு சித்திரம் இருக்கிறது. இங்கே பெரிய மரமென்று சொல்லும்படி அதிகமில்லை. கைப்பருமனுள்ள ஒல்லிக் கழிகள்தான் எங்கு பார்த்தாலும். ஓரிடத்தில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டிச் சுள்ளிகளைக் குவித்து, சுற்றிலும் வேலி போட்டிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட காடு என்று பலகை வைத்துவிட்டு இப்படி வெட்டலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அருகிலிருந்த கிராமத்திலிருந்து நடந்துதான் போனேன். மஞ்சள் அம்புக்குறி ஒன்று முளைத்து நிற்கும் கோதுமையின் நடுவே நேராகப் போகச் சொன்னது. ஒருவர் பயிரை மிதிக்க மனம் வராமல் வயலின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். நான் செய்தது சரிதானா? வசந்தத்தில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். மீண்டும் அங்கே போகலாமா, வேறு இடம் பார்க்கலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நீங்கள் கண்டதில் பிழையில்லை. வெட்டியிருக்கிறார்கள், குவித்திருக்கிறார்கள், வேலியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இடம் இன்றும் காடாக எஞ்சியிருப்பதற்கு அந்த வெட்டே முதற்காரணம். பிராட்ஃபீல்டில் முறைவைத்து மரம் வெட்டப்பட்டு வருவதற்கு 1252 முதல் ஆவணச் சான்று இருக்கிறது. அப்போது அது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துத் துறவிமடத்தின் உடைமை. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1539இல், மடம் கலைக்கப்பட்டு நிலங்கள் கைமாறின. ஆனால் காட்டை வெட்டும் முறை மட்டும் மாறவில்லை.

அந்த முறை நமக்கு அந்நியமானதன்று. கரும்பை அடியோடு வெட்டியபின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு தழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆஷ், ஹேசல், மேப்பிள் போன்ற இலையுதிர் மரங்களும் அப்படித் தழைக்கக்கூடியவை. குளிர்காலத்தில் தரையையொட்டி வெட்டினால், வசந்தத்தில் அதே தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு துளிர்கள் கிளம்பி, சில ஆண்டுகளில் நேரான கழிகளாக உயர்ந்துவிடும். பின்னர் அவற்றையும் வெட்டுவார்கள். முற்காலத்தில் பத்தாண்டுகளுக்கொருமுறை என்ற அளவில் நடந்த வெட்டு, இப்போது பெரும்பாலும் இருபதாண்டுகளைத் தாண்டி நடக்கிறது. காட்டைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பங்கையோ இரண்டையோ மட்டும் வெட்டுவதால் முழுக்காடும் ஒருபோதும் மொட்டையாவதில்லை. இடையிடையே ஓக் மரங்களை மட்டும் உத்தரத்துக்கும் தூணுக்குமாக வளரவிடுவார்கள். ஹேசல் கழிகள் படல் முடையவும், மண்சுவருக்குள் வரிச்சாக வைக்கவும், எஞ்சியவை அடுப்பெரிக்கவும் போயின. பக்கத்து ஊரான லிட்டில் வெல்னெதாமில், வைக்கோல் வாரும் மரச்சீப்புகளும் நீள்பிடி அரிவாள்களுக்கான பிடிகளும் செய்த தொழிற்கூடம் ஒன்று இருபதாம் நூற்றாண்டிலும் இந்தக் காட்டின் ஆஷ் கழிகளை வாங்கிவந்தது. வாங்குவதற்கு ஆள் இருந்ததால் வெட்டினார்கள்; வருமானம் தந்ததால் காட்டை அழிக்காமல் வைத்திருந்தார்கள். இதில் ரொமாண்டிக்காக எதுவுமில்லை, அதனாலேயே எனக்கு இந்த வரலாறு பிடிக்கும்.

பெரிய மரம் இல்லையே என்று வருந்துகிறீர்கள். அடுத்தமுறை தலையைத் தாழ்த்தித் தூர்களைப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு புதுத்துளிர்கள் தூரின் வெளிவிளிம்பிலிருந்து கிளம்புவதால், ஆஷ் மரத்தின் தூர் நூற்றாண்டு தோறும் சற்றே அகன்றுகொண்டு போகும். நடுப்பகுதி உளுத்து மண்ணாகிவிடும். எஞ்சுவது ஒரு வளையம். அதுவும் காலப்போக்கில் துண்டுபட்டு, பாசி படர்ந்த ஐந்தாறு கட்டைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். அவை தனித்தனி மரங்களல்ல, ஒரே மரம். பிராட்ஃபீல்டில் ஐந்து மீட்டருக்கும் மேல் அகன்ற ஆஷ் தூர் ஒன்று இருக்கிறது. அதன் வயது ஆயிரம் ஆண்டு அளவில் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நீங்கள் ஒல்லியென்று ஒதுக்கிய கழிகளுக்கு வயது பதினைந்தோ இருபதோ இருக்கலாம், அவற்றைத் தாங்கும் வேருக்கு அப்படியல்ல. வெட்டாமல் விடப்பட்ட ஆஷ் மரம் பெரும்பாலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளில் முடிந்துபோகும்.

வெட்டின் இன்னொரு விளைவைப் பிப்ரவரியில் காண வாய்ப்பில்லை. மரக்கூரை அகன்ற பங்கில் வெயில் தரைவரை இறங்கும். அதுவரை நிழலில் இலையளவில் ஒடுங்கிக் கிடந்த செடிகளும், மண்ணுக்குள் உறங்கிய விதைகளும் அதை வைத்துக்கொண்டு எழும். வெட்டிய இரண்டாம், மூன்றாம் வசந்தங்களில் பூக்கள் மிகுதியாக வரும், பிறகு கழிகள் உயர உயர நிழல் திரும்பும், அதற்குள் வேறொரு பங்கு வெட்டப்பட்டிருக்கும். பிராட்ஃபீல்டின் சிறப்பு ஆக்ஸ்லிப் என்னும் வெளிர்மஞ்சள் மலர். ஒரே காம்பின் நுனியிலிருந்து ஒரு பக்கமாகவே சாய்ந்து தொங்கும் பூங்கொத்து அது. பிரிட்டனில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் ஆகிய மாவட்டங்களின் எல்லைகள் கூடும் களிமண் பகுதியின் பழங்காடுகளை விட்டால் வேறெங்கும் அதை இயல்பாகக் காண்பது அரிது. அதோடு வெள்ளை அனிமோனி விரிந்திருந்தால் அந்தத் தரை மிகப் பழையது என்று கொள்ளலாம். அச்செடி நூறாண்டில் ஆறடி தூரம் பரவினாலே அதிகம் என்பார்கள். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். ஆவணம் இல்லாத இடங்களில் இத்தகைய செடிகளும், காட்டின் விளிம்பில் ஓடும் பழைய மண்கரையும் அதன் வெளிப்புறத்துப் பள்ளமுமே சான்றுகள்.

வேலிக்கும் விளக்கம் சொல்லிவிடுகிறேன். அது மான்களைத் தடுப்பதற்கு. ஓநாயும் கரடியும் எப்போதோ ஒழிந்துவிட்ட நாட்டில் மான்கள் பெருகிவிட்டன. போதாக்குறைக்குச் சீனத்திலிருந்து கொண்டுவந்து தனியார் பூங்காக்களிலிருந்து தப்பிய மண்ட்ஜாக் என்ற குட்டைமானும் சேர்ந்துகொண்டது. வெட்டிய தூரின் இளந்துளிரை மான்கள் தொடர்ந்து மேய்ந்தால் ஆயிரமாண்டுத் தூரும் சில ஆண்டுகளில் செத்துவிடக்கூடும். குவித்த சுள்ளிகளும் சும்மா கிடப்பவையல்ல, பல இடங்களில் அவற்றையே வேலியாக அடுக்குகிறார்கள்.

இந்தக் காட்டுக்கு உண்மையான ஆபத்து வந்தது கோடரியிலிருந்து அன்று. 1960களின் பிற்பகுதியில், காட்டைக் காட்டிலும் கோதுமை இலாபம் என்று கணக்கிட்டு, இதன் ஒரு பகுதியான மங்க்ஸ் பார்க் காட்டின் பெரும்பரப்பை இயந்திரங்களைக் கொண்டு வேரோடு பிடுங்கி வயலாக்கினார்கள். தூர் போய்விட்டால் மறுதாம்பு ஏது? உள்ளூர் மக்களும், கேம்பிரிட்ஜின் தாவரவியலாளர் ஆலிவர் ராக்கமும் குரல் கொடுத்ததன் பயனாக எஞ்சிய காட்டை 1970இல் இயற்கைக் காப்பு அமைப்பொன்று விலைக்கு வாங்கியது. இன்று சஃபோக் வனவுயிர் அறக்கட்டளை அதைப் பழைய முறைப்படியே வெட்டிப் பேணுகிறது. ஆக, நீங்கள் பார்த்து மனம் கலங்கிய அந்த வெட்டிடம் காப்பின் ஒரு பகுதி. காட்டை ஒட்டிப் பசேலென்று தெரியும் வயல்களில் ஒரு பங்குதான் அழிவின் தடம்.

இனி வயல்வழி. நீங்கள் பயிருக்கு இரங்கி ஓரமாகச் சுற்றியது நல்ல மனத்தின் அடையாளம்தான், ஆனால் சட்டப்படி பார்த்தால் வயலின் குறுக்கே போவது உங்கள் உரிமை, ஓரமாகப் போனதே அத்துமீறல். இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் தனியார் நிலங்களின் ஊடே ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலாவுவதற்காக உண்டானவையல்ல. கோயிலுக்கும், மாவரைக்கும் ஆலைக்கும், அடுத்த ஊரின் கூலிவேலைக்கும் மக்கள் நடந்து பழகியவை. 1949இல் வந்த சட்டமொன்று மாவட்ட நிர்வாகங்கள் இவற்றையெல்லாம் ஆய்ந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் குறித்தாக வேண்டும் என்றது. 1932இல் கிண்டர் ஸ்கௌட் மலையில் நடந்த அத்துமீறல் போராட்டத்தைப் பலரும் நினைவுகூர்வார்கள், ஆனால் அது மேட்டுநிலங்களில் தடையின்றித் திரியும் உரிமைக்கான போராட்டம். சஃபோக்கின் வயல்வழிகள் அதைவிடப் பழைய கணக்கு.

வயலின் குறுக்கே செல்லும் நடைவழியை உழவர் உழுதுகொள்ளலாம். ஆனால் விதைப்புக்காக உழுதால் 14 நாட்களுக்குள் வழியைச் சீர்படுத்தி, பயிர் வளரும்போது குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு வழியைத் திறந்துவைக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் சட்டம். வயலோரமாகச் செல்லும் நடைவழியை உழவே கூடாது. பல உழவர்கள் டிராக்டரை ஒருமுறை ஓட்டிப் பயிரின் நடுவே கோடு போட்டுத் தந்துவிடுகிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். அப்படிக் கோடு இல்லாத இடத்திலும் அம்பு காட்டும் திசையில் நேராக நடப்பதே முறை. நாலு பேர் நடந்தால் தடம் விழும். தடம் விழுந்தால் அடுத்தவர் பக்கத்துப் பயிரை மிதிக்கமாட்டார். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு இருந்தால் குதிரையும் மிதிவண்டியும் வரும், வழிவிட்டு நில்லுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த உரிமை அந்தக் கோட்டுக்கு மட்டுமே உரியது. வேறொரு காட்டின் ஊடே நடைவழி போகிறதென்பதற்காக இருபுறமும் இறங்கித் திரிய முடியாது. 2000ஆம் ஆண்டின் சட்டம் மலை, மேட்டுப்புல்வெளி, பொதுநிலம் ஆகியவற்றைத் திறந்துவிட்டதே தவிர, தனியார் காடுகளைத் தொடவில்லை. பிராட்ஃபீல்டில் நீங்கள் சுற்றிவர முடிவது அறக்கட்டளை தந்த அனுமதியால். ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு, அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அம்மாவை அங்கேயே அழைத்துச் செல்லுங்கள். ஏப்ரல் இறுதி பொருத்தமான காலம். நீலமணிப்பூக்களைப் படமெடுக்கக் கூட்டம் கூடும் காடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. இலைகளை மிதித்து நசுக்கிவிட்டால் அச்செடி கிழங்கில் உணவு சேர்க்க முடியாமல் பல ஆண்டுகள் நலியும், கூட்டத்துக்கு அது தெரிவதில்லை. பிராட்ஃபீல்டிலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். பலமான காற்று வீசும் நாளில் போகவேண்டாம்: 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வருகின்றன, பட்ட கிளை எப்போது முறியுமென்று சொல்ல முடியாது. அந்தக் களிமண் ஏப்ரலிலும் காய்ந்திருக்காது, ஆகவே அம்மாவுக்கும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். புடவையோடு அதைப் போட்டுக்கொள்ள அவர் தயங்கினால் முதலில் நீங்கள் போட்டுக் காட்டுங்கள். வயல்வழிகளில் வேலியைத் தாண்ட மரப்படி ஏறி இறங்க வேண்டிவரலாம். முழங்கால் வலி உள்ளவரென்றால் அந்த நடையைத் தவிர்த்து, காட்டின் வாசல்வரை காரிலேயே சென்று, அடையாளமிட்ட சுற்றுப்பாதைகளில் குறுகியதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.