வாசகர் கேள்வி: கருப்பநீர், கள்ளு, பஞ்ச்

கேள்வி: பனையில் மண்முட்டிக்குச் சுண்ணாம்பு பூசித்தான் கட்டுகிறோம். என்றாலும் காலையில் இறக்கும்போது கருப்பநீர் (புளிக்காத பனஞ்சாறு) நுரைத்து, கள்ளு வாடை அடிக்கிறது. ஏன்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் சுண்ணாம்பைச் சோதியுங்கள். காற்றுப்பட்டுக் கிடந்த நீற்றுச் சுண்ணாம்பு மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லாக மாறிவிடும். பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும், வேலை செய்யாது. இறக்கிய கருப்பநீரில் ஒரு கரண்டி எடுத்து மஞ்சள்தூள் போடுங்கள். சிவந்தால் காரம் போதும். மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று, மதுவமும் (ஈஸ்ட்) பக்டீரியாவும் சீனியைத் தின்னத் தொடங்கிவிட்டன.

அடுத்தது முட்டி. மண்முட்டியின் துளைகளில் பழைய கள்ளின் மதுவம் ஒளிந்திருக்கும். கள்ளுக்குக் கட்டிய முட்டியைக் கருப்பநீருக்குக் கட்டவே கூடாது. மற்றவற்றைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகு, புதுச் சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்தில் கரைத்து அடியிலும் பக்கங்களிலும் பூசுங்கள்.

பயத்தில் அள்ளிப் பூசவும் வேண்டாம். கூடினால் பனங்கட்டி கறுத்து, நாக்கில் கரிக்கும். கூடியதைத் தெளியவிட்டு, துணியில் வடித்துக் காய்ச்சலாம். குறைந்ததற்குத்தான் வழியில்லை: சீனி உடைந்துபோன சாறு எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாமல் பிசுபிசுக்கும்.

கேள்வி: கள்ளில் மது எவ்வளவு?
– வாசகர், மாங்குளம்

பதில்: பெரும்பாலும் 4 முதல் 6 வீதம். மறுநாளும் வைத்திருந்தால் மது கூடாது, புளிப்புத்தான் கூடும். பிறகு அது வினாகிரிக்கே உதவும்.

கேள்வி: ‘பஞ்ச்’ என்ற பானத்துக்கும் சாராயத்துக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: நிறையவே. சாராயம், தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைப்பொருள் என ஐந்து சேர்வதால் ‘ஐந்து’ என்று பொருள்படும் இந்திச் சொல்லில் இருந்து பெயர் வந்தது என்பர்; பீப்பாவின் பெயர் என்பாரும் உண்டு. 1632இலேயே ஆங்கிலேயக் கடிதமொன்றில் அச்சொல் இருக்கிறது. ‘காக்டெயில்’ என்பதற்கு அமெரிக்கப் பத்திரிகையொன்று விளக்கம் எழுதியதோ 1806இல்தான்: மதுவகை ஏதாவது, சீனி, தண்ணீர், கசப்புச்சாறு.

பஞ்சுக்குப் பழைய கணக்கு புளிப்பு 1, இனிப்பு 2, மது 3, தண்ணீர் 4. பார்படோஸ் றம்முக்குப் பொருந்திய கணக்கு இது. எங்கள் தென்னஞ்சாராயம் 33 வீதத்தையொட்டியே இருப்பதால் அப்படியே கலந்தால் சப்பென்று போகும், இனிப்பும் திகட்டும். தேசிக்காய்ச் சாறு 15 மி.லீ., சீனிப்பாணி 20, சாராயம் 60, தண்ணீர் 30, துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை. ஐஸ் போடுவதானால் தண்ணீரை விட்டுவிடுங்கள்; கரைகிற ஐஸே போதும்.