புயலுக்கு அடுத்த தை

கேள்வி: குடும்ப வரலாறு எழுதலாம் என்று என் அப்பத்தாவிடம் உட்கார்ந்தேன். எதைக் கேட்டாலும் ‘தனுஷ்கோடிப் புயலுக்குப் பெறகு’, ‘எம்.ஜி.ஆர். செத்தப்ப’ என்கிறார். ஒரு தேதிகூடச் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர்களின் ஞாபகத்தை எப்படி நம்புவது? — வாசகர், மேலூர்

பதில்: பள்ளிக்கூடத்தை இழுத்துவிட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கத்தில் அறுபதை ஒட்டிய ஆட்களிடம் பிறந்த தேதி கேட்டுப் பாருங்கள். மே மாதமும் ஜூன் முதல் தேதியும் திரும்பத் திரும்ப வரும். ஜூனில் பள்ளி திறக்கும், அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் பையனுக்கு வயது வந்துவிட்டது. தலைமையாசிரியர் கணக்குக்குத் தோதாக ஒரு தேதியைப் போடுவார். அந்தத் தேதி ரேஷன் கார்டு, ஆதார், ஓய்வூதியம் என்று கடைசி வரை கூடவே வரும். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

என் பெரியம்மா மகனுக்குச் சான்றிதழில் 1964 மே. பெரியம்மா அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. “தனுஷ்கோடிப் புயலுக்கு அடுத்த தையில பெறந்தவன்யா அவன். டவுனுக்குள்ள காலேஜுப் பயலுக கலவரம், கடையெல்லாம் அடைச்சுட்டாக. மருத்துவச்சியக் கூட்டியாரப் போன ஒங்க பெரியப்பா வெளக்குத்தூணத் தாண்ட முடியாம வெறுங்கையோட திரும்பி வந்தாரு.” புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. மதுரையில் மாணவர் ஊர்வலம் அடிதடியாகி இந்தி எதிர்ப்புக் கலவரம் வெடித்தது 1965 ஜனவரி 25. கையெழுத்துப் போடத் தெரியாத பெரியம்மா, தன் மகன் பிறந்ததை ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். முத்திரை குத்திய காகிதம் எட்டு மாதம் பிசகிவிட்டது. அண்ணன் அந்த எட்டு மாதச் சம்பளத்தை இழந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். இதில் யாரை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்.

மனிதர்கள் நடந்ததை எண்ணாக வைத்துக்கொள்வதில்லை; எதற்கு முந்தி, எதற்குப் பிந்தி என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் வருவது மாதத்தைக் காட்டிக் கொடுக்கும். ‘அழகர் ஆத்துல இறங்கி எட்டாம் நாள்’ என்றால் சித்திரையை ஒட்டி என்று தெரியும், எந்த ஆண்டு என்று தெரியாது. ஆண்டைப் பிடிக்க ஒரே ஒருமுறை நடந்தது வேண்டும்: புயல், கலவரம், 1981 ஜனவரியில் ஊரே விழாக்கோலம் பூண்ட உலகத் தமிழ் மாநாடு, 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைவு. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் அழகர் வைகைக்கே வரவில்லை. அழகர் வராத ஆண்டே அடுத்தடுத்து இரண்டு ஆகிவிட்டதால், அந்தக் காலத்தில் நடந்த கல்யாணம், சாவு எல்லாவற்றையும் முதல் வருஷமா, ரெண்டாவது வருஷமா என்று படித்தவர்களே போட்டுக் குழப்பிக்கொள்வதைத் தினமும் கேட்கிறேன்.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ‘கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு இது நடந்ததா’ என்று கேட்டால், அதற்கும் முன்னால் நடந்ததை எல்லாம் ஆறு மாதத்துக்குள் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். 1980-ல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைச் சொல்லி, ‘அது வெடித்த பிறகு நடந்ததா’ என்று கேட்டபோது அந்தப் பிழை குறைந்தது. உங்கள் அப்பத்தா யாரும் கேட்காமலே புயலைச் சொல்கிறார்.

வாய்மொழி ஆதாரமே ஆகாது என்று என்னோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் இருக்கிறார். அவரை மதுரைக்குப் பக்கத்து ஒத்தக்கடை யானைமலைக்கு அழைக்கிறேன். அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரையில் இரண்டு கல்வெட்டுகள். வடமொழியில் உள்ளது கலியாண்டு 3871 என்கிறது, அதாவது கி.பி. 770. வட்டெழுத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு ஆண்டையே சொல்லவில்லை. பாண்டியனின் உத்தரமந்திரி, அதாவது தலைமை அமைச்சர், மாறன் காரி கற்றளி (கல் கோயில்) எடுத்தார், நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்கு முன் இறந்துபோனார், பின்னர் அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி நீர் தெளித்தார் என்கிறது. முழுக்க முன்னும் பின்னும்தான். 1200 ஆண்டுக்கு மேலாகியும் அண்ணன் போனதும் தம்பி முடித்ததும் நமக்கு அதிலிருந்துதான் தெரிகிறது. (நம் மலைகளில் சமணர் படுக்கை வரைக்கும் ஏறி, பழைய எழுத்தின் மேலேயே ஆணியால் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறிவிட்டு வருகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது.)

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். அப்பத்தாவிடம் ‘எந்த வருஷம்’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை வருஷம் ஆச்சு’ என்றும் கேட்காதீர்கள், ‘பத்து இருபது இருக்கும்’ என்றுதான் பதில் வரும், அது உதவாது. அப்போது யார் வயிற்றில், யார் கைப்பிள்ளை என்று கேளுங்கள். வீட்டில் கரண்ட் வந்துவிட்டதா? கூரையா, ஓடா? பெரியாறு கால்வாயில் தண்ணீர் ஓடியதா, அறுப்பு முடிந்துவிட்டதா? தாத்தா இருந்தாரா? பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஊரில் நடந்ததைச் சேருங்கள். இரண்டு மூன்று இடத்தில் ஆண்டு உறுதியானால் மற்றவை இடையில் தானாக வந்து உட்காரும். அவர் சொன்ன வாசகத்தைத் திருத்தாமல் எழுதுங்கள். தேதியை நூலகத்தில் பழைய நாளிதழ் புரட்டி நீங்கள் கண்டுபிடித்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். முதலில் கேட்க வேண்டியது அப்பத்தா பிறந்ததைப் பற்றி. அதை அவருடைய அம்மா எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.