வீட்டு வேலையைக் கலோரிக் கணக்கில் சேர்க்கலாமா?

கேள்வி: எடையைக் குறைக்கலாம் என்று போனில் ஒரு கலோரி ஆப் போட்டிருக்கிறேன். வயது 40, உயரம் 160 செ.மீ., எடை 65 கிலோ. ஆப் முதலில் கேட்டபோது, 'ஓரளவு சுறுசுறுப்பு' என்று தேர்ந்தெடுத்தேன். சாப்பிடுவதை ஒளிக்காமல் எழுதுகிறேன். 'உடற்பயிற்சி' பகுதியில் தேடினால் வீடு பெருக்கித் துடைப்பது, சமைப்பது, பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, இஸ்திரி போடுவது என்று எல்லாமே வருகிறது. எல்லாவற்றையும் பதிவு செய்தால் தினமும் 500 கலோரிக்கு மேல் எரித்ததாகக் காட்டுகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று ஆப்பே சொல்கிறது, நானும் சாப்பிடுகிறேன். எடை அசையவே இல்லை. "இதெல்லாம் உடற்பயிற்சியா?" என்று கணவர் கேலி செய்கிறார். கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினால் சரியான கணக்கு கிடைக்குமா? இல்லை, ஆப்பின் கட்டணப் பதிப்புக்கு மாறட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் சிக்கல் கருவி இல்லாததால் வந்ததல்ல. ஒரே வேலையை ஆப்பில் இரண்டு முறை எழுதுகிறீர்கள், அதனால் வந்தது.

ஆப் அந்த 500-ஐ எங்கிருந்து எடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு வேலைக்கும் 'மெட்' என்று ஒரு அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிப்பது 1 மெட். ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறக்குறைய 1 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த வேலைக்கு எத்தனை மெட் என்ற பெரிய பட்டியல் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்டார்கள். 2011-இலும் 2024-இலும் அது விரிவாகத் திருத்தப்பட்டது. பெரும்பாலான ஆப்கள் கணக்குப் போடுவது இந்த மாதிரிப் பட்டியலை வைத்துத்தான். 2011 பட்டியல்படி பெருக்குவதற்கு 3.3, சாதாரணச் சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் 2, பாத்திரம் தேய்ப்பதற்கும் இஸ்திரிக்கும் 1.8.

உங்கள் எடைக்குப் போட்டுப் பார்த்தேன். பெருக்கித் துடைக்க முக்கால் மணி, சமையல் ஒன்றரை மணி, பாத்திரம் 40 நிமிடம், துணி மடிக்க 20, இஸ்திரிக்கு 20 என்று வைத்தால் மொத்தம் 516 கலோரி. நீங்கள் சொன்ன எண் வந்துவிட்டது. ஆனால் இந்த வேலை எதையும் செய்யாமல் அதே 3 மணி 35 நிமிடம் நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் உங்கள் உடல் சுமார் 233 கலோரியைச் செலவழித்திருக்கும். மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் போகிற செலவு அது. அதை ஆப் உங்கள் அன்றாட ஒதுக்கீட்டில் காலையிலேயே சேர்த்துவிட்டது. ஆக, வேலையால் வந்த கூடுதல் செலவு 283 மட்டும்.

அந்த 283-ஆவது உங்களுக்குச் சேருமா? அதுவும் சேராது. 'ஓரளவு சுறுசுறுப்பு' என்று அழுத்தினீர்களே, அங்கேதான் விஷயம். உங்கள் வயது, உயரம், எடைக்கு ஓய்வுநிலைச் செலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,290 கலோரி. 1990-இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி போட்ட கணக்கு இது. பல ஆப்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. இதை, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு 1.2-ஆலும் ஓரளவு நடமாடுபவர்களுக்கு 1.375-ஆலும் பெருக்குவது வழக்கம். முதலாவது சுமார் 1,550, இரண்டாவது சுமார் 1,770. நடுவில் உள்ள 220-சொச்சம் எதற்காகக் கொடுத்தது? நின்று சமைத்து, குனிந்து பெருக்கி, வீட்டுக்குள் நடமாடுகிறீர்கள் என்பதற்காகத்தான். சம்பளத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிட்ட பயணப்படியை மாதக் கடைசியில் பில் வைத்துத் திரும்பவும் வாங்குவது மாதிரி இருக்கிறது உங்கள் பதிவு.

விளைவைப் பாருங்கள். வாரம் அரைக் கிலோ குறைய வேண்டும் என்று கேட்டால், ஆப்கள் வழக்கமாக நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துக் கொடுக்கும். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்ற கணக்கில் வருவது அது. ஆப் குறைத்த 500-ஐ நீங்கள் 'உடற்பயிற்சி' வழியாக 516-ஆகத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்கள். எடை எப்படி அசையும்?

எனவே சுறுசுறுப்பு அளவை இப்போது உள்ளபடியே விட்டுவிடுங்கள். தினமும் செய்கிற வீட்டு வேலை எதையும் உடற்பயிற்சிப் பகுதியில் எழுதாதீர்கள். அளவை 'உட்கார்ந்த வாழ்க்கை' என்று மாற்றிவிட்டு ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதுவது இன்னொரு வழி. தப்பில்லை, ஆனால் தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க வேண்டும். அதோடு, '45 நிமிடம் துடைத்தேன்' என்று எழுதுகிறோமே, அதில் நாற்காலியை நகர்த்தியதும், போன் வந்து நின்றதும், யாரோ கூப்பிட்டு எட்டிப் பார்த்ததும் அடக்கம். பட்டியலில் உள்ள 3.3 அந்த வேலையை விடாமல் செய்தால்தான் பொருந்தும்.

வழக்கத்தில் இல்லாத வேலை என்றால் விதிவிலக்கு உண்டு. வீடு மாற்றி மூட்டை தூக்கிய நாள், பரணை முழுக்க இறக்கிச் சுத்தம் செய்த நாள், சுவருக்கு வண்ணம் அடித்த நாள், இவற்றை எழுதிக்கொள்ளலாம். ஆப் காட்டுவதில் பாதியை மட்டும் எழுதுங்கள். 2 மெட் வேலைக்குப் பாதிதான் உண்மையான கூடுதல் செலவு. அதைவிடக் கடினமான வேலைக்குப் பாதிக்கு மேல் வரும்; ஆனால் நடுவே ஓய்வெடுத்த நேரத்தைக் கழித்தால் சரியாகப் போகும்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. கலோரிப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்று நான் சொன்னதை வைத்து அவர் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. வீட்டு வேலையும் உடலியக்கத்தில் சேர்த்தி என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மிதமானது என்றால் 3 மெட்டுக்கு மேல். வேலை செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக் கூடாது, அதுதான் அடையாளம். மும்முரமாகப் பெருக்குவதும் துடைப்பதும் இதில் தேறும். சமையலும் பாத்திரமும் இஸ்திரியும் எவ்வளவு நேரம் செய்தாலும் தேறாது. கால் வலிப்பது வேறு, இதயத்துக்கு வேலை கொடுப்பது வேறு. தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. துடைப்பத்தால் அது ஆகாது. கேலி செய்பவர் கையில் ஒரு வாரம் துடைப்பத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்; அது கலோரி விஷயமல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

கலோரி என்று வரும்போது மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். வட அயர்லாந்தில் நாலாயிரத்துக்கும் அதிகமானோரிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2013-இல் வெளியானது. தங்கள் உடலியக்கத்தில் வீட்டு வேலையை அதிகமாகக் கணக்குக் காட்டியவர்களின் எடை, மற்றவர்களை விட அதிகமாக இருந்தது. வீட்டு வேலையால் எடை கூடியது என்று இதற்கு அர்த்தமில்லை. செய்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும், அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சாப்பிடுவதும் காரணமாக இருக்கலாம். இரண்டாவதை உங்கள் ஆப் உங்களுக்குப் பரிந்துரையாகவே கொடுத்துவிட்டது.

அடுத்து, பேண்ட். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் எல்லாமே சறுக்கின. இருப்பதிலேயே தேறிய கருவிக்கே சராசரியாக 27 சதவீதப் பிழை. மோசமானதற்கு 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனால் மணிக்கட்டின் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துக் கலோரியை ஊகிக்கும் முறை அதேதான். நடப்பது, ஓடுவது என்றால் ஊகம் ஓரளவு பொருந்தும். வீட்டு வேலையில் கை ஒன்று செய்யும், உடம்பு இன்னொன்று செய்யும். அடுப்பின் சூட்டில் நின்றாலே துடிப்பு ஏறும். கூடுதலாக எதுவும் எரிந்திருக்காது.

இன்னொன்று: பேண்டை ஆப்போடு இணைத்துவிட்டு, வேலைகளைக் கையாலும் எழுதினால் இரண்டு முறை எழுதியது மூன்று முறை ஆகிவிடும். நடைக்காகவோ தூக்கத்தைப் பார்ப்பதற்காகவோ வாங்க ஆசைப்பட்டால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும்முன் இரண்டு கேள்வி போதும். நாடித் துடிப்பு, தூக்கம் போன்ற விவரங்களைப் பார்க்க மாதச் சந்தா கட்ட வேண்டுமா? பட்டை அறுந்தால் தனியாகப் பட்டை கிடைக்குமா? நீர்புகாது என்ற முத்திரை சுத்தமான தண்ணீரை வைத்துக் கொடுக்கப்படுவது. சோப்பும் வெந்நீரும் அதன் ஒட்டுகளைக் கெடுக்கும் என்று பல தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி வையுங்கள்.

கட்டணப் பதிப்பு பற்றி ஒரே வரி: பணம் கட்டினால் விளம்பரம் போகும், வரைபடங்கள் கூடும், பெருக்குவதற்கான மெட் மாறாது. இலவசச் சோதனைக் காலம் என்று சேர்ந்திருந்தால், அது முடியும்முன் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

நான்கு வாரம் இப்படிச் செய்துவிட்டு, ஒவ்வொரு வாரத்தின் சராசரி எடையையும் ஒப்பிடுங்கள். தினசரி எடையைப் பார்த்துக் கலங்க வேண்டாம், உப்பும் தண்ணீருமே ஒரு கிலோவை ஆட்டிவைக்கும். சராசரி குறையவில்லை என்றால் நாளுக்கு 100, 150 கலோரி குறைத்துப் பார்க்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தாலோ பாலூட்டுபவராக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள்.

கேள்வி: தானாக ஓடிச் சுத்தம் செய்யும் ரோபோ வேக்குவமும், ஒரு டிஷ்வாஷரும் வாங்க நினைக்கிறோம். "இருக்கிற கொஞ்சம் அசைவும் போய்விட்டால் எடை ஏறிவிடும்" என்று அம்மா தடுக்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: ரோபோ விஷயத்தில் கொஞ்சம் சரி, டிஷ்வாஷர் விஷயத்தில் இல்லை.

70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் பெருக்குவதற்கும், அதே அரை மணி நேரம் உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கும் (2011 பட்டியலில் இது 1.3 மெட்) வித்தியாசம் சுமார் 70 கலோரி. பாத்திரம் தேய்ப்பதை விட்டு உட்கார்ந்தால் அதே நேரத்துக்கு 20 கலோரிகூடத் தேறாது. எனவே டிஷ்வாஷரை எடைக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் எடுக்கும், உங்கள் பாத்திரங்கள் அதற்குள் அடங்குமா, பழுது பார்க்க ஆள் கிடைக்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரோபோவால் மிச்சமாகும் அரை மணியில் விறுவிறுவென்று நடந்தால் பெருக்குவதைவிட அதிகமாகவே எரியும்: பெருக்குவது 3.3 மெட், வேக நடை 4.3. சோபாவில் சாய்ந்தால் அம்மா சொன்னது நடக்கும். எதற்கும் அதன் தூசிப் பெட்டியையும் பிரஷ்ஷில் சுற்றிய முடியையும் சுத்தம் செய்வது மனிதர்தான் என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய பேண்ட், நின்ற இடத்தில் காய்கறி நறுக்கினால் காலடி எண்ணிக்கையை ஏற்றுகிறது. கடைக்குள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெகுநேரம் சுற்றினால் ஏறுவதே இல்லை. பழுது என்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பழுதில்லை. பேண்ட் எண்ணுவது காலை அல்ல, கையின் ஆட்டத்தை. நறுக்கும் கை ஆடுகிறது. தள்ளுவண்டியைப் பிடித்த கை ஆடவில்லை. ஒரு வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தாலும் இதே கதிதான். அமைப்புகளில் 'ஆதிக்கம் உள்ள கை எது' என்று கேட்டிருக்கும். அதைச் சரியாகக் கொடுத்து, அதிகம் வேலை செய்யாத கையில் கட்டினால் பொய்க் காலடிகள் குறையும். வண்டி தள்ளும்போது போனைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

தினம் 10,000 காலடி என்ற இலக்கு எட்டவில்லை என்று திருப்பிக் கொடுக்க நினைத்திருந்தால், அந்த எண் மருத்துவர் எழுதிய சீட்டு அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. அமைப்புகளில் போய், இப்போது சராசரியாக எவ்வளவு நடக்கிறீர்களோ அதைவிட ஆயிரம் கூட்டி இலக்காக வையுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள்: கைவீசி நூறு காலடி எண்ணி நடந்து, பேண்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அதிலும் பெரிதாகத் தப்பினால் அப்போது பில்லோடு கடைக்குப் போகலாம்.