செஸ் அகாடமியும் சிறுவர் போட்டிகளும்: கேட்டவை, சொன்னவை

பதில் சொல்பவர் சிறுவர்களுக்கு செஸ் அகாடமி நடத்துபவர். பள்ளிப் போட்டிகளுக்கு ஆர்பிட்டராகவும் (நடுவர்) இருப்பவர்.

கரூரிலிருந்து ஒரு அப்பா: மகளுக்கு ஏழு வயது. மூன்று மாதமாக கிளாஸ் போகிறாள். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டட் போட்டியில் சேர்க்கலாமா சார்?

இப்போதைக்கு வேண்டாம். ரேட்டிங் என்பது ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண்; 2024 மார்ச்சிலிருந்து அதன் அடிமட்டம் 1400. அதற்குக் கீழே இருந்தால் பட்டியலில் பெயரே வராது. முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சியோடு போனால் பெரிய பிள்ளைகளிடம் வரிசையாகத் தோற்றுவிட்டு, செஸ்ஸே வேண்டாம் என்று திரும்புவாள். ஒரு வருடம் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடட்டும். முழு ஆட்டத்தையும் பிழையில்லாமல் நோட்டேஷன் (நகர்த்தல்களின் குறிப்பு) எழுதும் பழக்கம் வந்த பிறகு யோசிக்கலாம்.

சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் 60 பிள்ளைகளுக்கு ஒரே நாளில் போட்டி நடத்த வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

முதலில் நாக் அவுட்டை மறந்துவிடுங்கள் சார். அதில் முதல் ரவுண்டிலேயே முப்பது பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுவிஸ் முறையில் யாரும் வெளியேற மாட்டார்கள்; ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய ஒரே பாயிண்டில் இருப்பவர்கள் மோதுவார்கள். 64 பேர் வரை ஆறு ரவுண்டு போதும். யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங்கைக் கையால் போடாதீர்கள், சுவிஸ் மேனேஜர் மாதிரி ஒரு மென்பொருளில் போடுங்கள்.

ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 நொடி கூடுதல் என்று வைத்தால் நீளமான ஆட்டமும் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தில் முடியும். முடிவு வாங்கி, அடுத்த பேரிங் ஒட்ட கால் மணி நேரம். ஆக, ஒரு ரவுண்டுக்கு ஒரு மணி நேரம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால், சாப்பாட்டு இடைவேளை போக, ஐந்து மணிக்குள் பரிசளிப்பு முடிந்துவிடும். தொடக்க விழாவில் பேச்சை நீட்டவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. சின்னப் பிள்ளைகள் முதல் ரவுண்டுக்கு முன்பே களைத்துவிடுவார்கள்.

முப்பது கிளாக் கிடைக்காவிட்டாலும் நடத்தலாம். கிளாக் இல்லாமல் ஆடவிட்டு, 25 நிமிடம் கழித்து, முடியாத போர்டுகளில் மட்டும் ஆளுக்கு 5 நிமிடம் என்று கிளாக் வையுங்கள். இதை முதல் ரவுண்டுக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், விதிக்குப் புறம்பான நகர்த்தல் இரண்டாவது முறை வந்தால் ஆட்டம் போய்விடும் என்பதையும் அப்போதே தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். பெரும்பாலான தகராறு இந்த இரண்டில்தான் வருகிறது.

ஒரு அம்மா: பெற்றோரை ஏன் ஹாலுக்குள் விடுவதில்லை?

உங்கள் முகம் மாறுவதைப் பார்த்தே பிள்ளை தன் நகர்த்தலை மாற்றும். எதிரே இருக்கும் பிள்ளைக்கு அது அநியாயம்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: வீட்டு மாடியில் அகாடமி தொடங்கப் போகிறேன் அண்ணா. எந்த ஓப்பனிங்கிலிருந்து (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) ஆரம்பிப்பது?

ஓப்பனிங்கிலிருந்து ஆரம்பிக்கவே வேண்டாம் தம்பி. ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிர் ராஜாவும் மட்டும் இருக்கும் போர்டில் தொடங்குங்கள். எங்கே வெற்றி, எங்கே ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர்த்த வழியில்லாமல் டிரா ஆவது) என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். பத்து நகர்த்தலை மனப்பாடம் செய்த பிள்ளை பதினோராவதில் திணறும். ஒரு பேட்ச்சுக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். தோற்ற ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பார்க்க நேரம் வேண்டும். நல்ல அகாடமி என்று நான் சொல்வது அந்த நேரத்தைத்தான். வாசலில் மாட்டும் கோப்பைப் படங்களைப் பார்த்து நான் எந்த அகாடமியையும் மதிப்பிடுவதில்லை.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: பன்னிரண்டு வயது மகள் நன்றாக ஆடுவாள். பேட்ச்சில் அவள் ஒருத்திதான் பெண். நிறுத்திவிடுகிறேன் என்கிறாள்.

தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள் அம்மா. குறை உங்கள் மகளிடம் இல்லை. பயிற்சியாளரிடம் பேசி, வேறு பேட்ச்சிலிருந்தாவது இன்னொரு பெண்ணை அவளோடு சேர்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான பிரிவிலும் ஆடட்டும், எல்லோரும் சேர்ந்து ஆடும் ஓபனிலும் ஆடட்டும். சென்னையின் வைஷாலி 2023 டிசம்பரில் 2500 ரேட்டிங்கைத் தாண்டி கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுங்கள். வீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து ஆட வேண்டும், அது முக்கியம். நீங்களே கற்றுக்கொண்டு ஆடலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா: ஒரே போட்டியில் மகனுக்கு ரேட்டிங்கில் 60 பாயிண்ட் குறைந்துவிட்டது. பயிற்சி சரியில்லையா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். 18 வயது முடியும் ஆண்டு வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு கே எண், அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40. சமமான ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு ஆட்டம் தோற்றாலே 20 பாயிண்ட் போகும். ஜெயித்தால் அதே 20 வரும். மூன்று தோல்வியில் போனது மூன்று வெற்றியில் திரும்பிவிடும். ஆறு மாத ஆட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே மாதிரித் தவறு குறைந்து வருகிறதென்றால் பயிற்சியாளரை மாற்ற வேண்டியதில்லை.